டர்போ போய்விட்டதா? ரீபில்டா, புதுசா?

கேள்வி: என் டீசல் கார் 1,30,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பிக்கப் குறைந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் விசில் சத்தமும் நீலப் புகையும் வருகின்றன. டர்போவை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். பிரித்து, தேய்ந்ததை மட்டும் மாற்றி ரீபில்ட் செய்தால் போதாதா?

பதில்: எதைச் செய்வது என்று முடிவெடுக்கும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். டர்போ சீல் வழியாக ஆயில் அதிகமாகக் கசிந்தால் டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு எகிறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

அடுத்து, டர்போதான் குற்றவாளியா என்று பாருங்கள். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்தாலும் பிக்கப் போகும், விசில் வரும். ஆனால் அப்போது வருவது பெரும்பாலும் கறுப்புப் புகை. என்ஜின் ஆறியதும் ஏர் ஃபில்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி, காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் வீலின் நடு நட்டை விரலால் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பதற வேண்டாம். பேரிங் ஆயில் படலத்தில் மிதப்பது, ஆயில் இல்லாதபோது கொஞ்சம் ஆடத்தான் செய்யும். நல்ல டர்போக்களை இந்த ஆட்டத்தைக் காட்டியே கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளும்போதுதான் உண்மை தெரியும். அந்த ஆட்டம் சிறிய டர்போக்களில் பொதுவாக 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கைக்குத் தெளிவாகத் தெரிந்தாலோ, ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) வீல் உரசிய தடம் இருந்தாலோ டர்போ முடிந்தது.

முன்பின் ஆட்டமே இல்லை, ஆனால் ஆயில் வழிகிறது என்றால் ஆயில் ரிட்டர்ன் பைப், என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர், ஏர் ஃபில்டர் மூன்றில் ஏதோ ஒன்று அடைத்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புது டர்போ போட்டாலும் அதுவும் ஒழுகும்.

டர்போ கெட்டிருப்பது உறுதியானால், பிரித்துப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. பேரிங், முன்பின் ஆட்டத்தைத் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங், சீல் மட்டும் தேய்ந்து, இரண்டு வீல்களும் ஹவுசிங்குகளும் முழுசாக இருந்தால் ரீபில்ட் நியாயமானது. ஷாஃப்ட் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் கிடைக்காமல் காய்ந்திருக்கிறது. அந்த ஷாஃப்டை மறுபடி போடக் கூடாது. வளைந்த பிளேடை நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடமிருந்து உங்கள் டர்போவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஹவுசிங்கின் உள்சுவர் ஆழமாக உரசப்பட்டிருந்தால் வீலுக்கும் சுவருக்கும் இடைவெளி கூடி பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) குறையும். புகை பக்கத்து டர்பைன் ஹவுசிங்கில் ஊடுருவும் விரிசல் இருந்தாலும் முழு டர்போவையும் மாற்ற வேண்டியதுதான்.

இந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,50,000 முதல் 2,00,000 சுற்றுக்கும் மேல் சுழல்வது. ரிப்பேர் கிட் வாங்கி பேரிங்கை மட்டும் மாற்றி, பேலன்ஸிங் செய்யாமல் கொடுத்தால் சீக்கிரமே சத்தம் திரும்ப வரும். அதிவேக பேலன்ஸிங் செய்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள். அது கிடைக்காத ஊரில், பேலன்ஸ் செய்தே வரும் முழு ‘கோர்’ (ஷாஃப்ட், வீல்கள், பேரிங் அடங்கிய நடுப்பகுதி) வாங்கி உங்கள் ஹவுசிங்குகளில் பொருத்துவது மேல்.

உங்களுடையது வேரியபிள் வேன் டர்போவாக (டர்பைனைச் சுற்றியுள்ள ‘வேன்’ எனும் சிறு தகடுகளின் கோணம் மாறும் வகை) இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. வேன்கள் கரி பிடித்து இறுகியிருந்தால் சுத்தம் செய்தாலே போதும். வேனும் ரிங்கும் தேய்ந்திருந்தால் கோர் மாற்றிப் பயனில்லை. காற்றோட்டத்தை அளந்து வேன்களைச் சரியாக அமைக்கும் ஃப்ளோ பெஞ்ச் வசதி உள்ள இடத்தில் ரீமேனுஃபேக்சர் செய்த யூனிட்டோ புது ஒரிஜினலோதான் வழி. வேன்களின் அசைவுக்கு எல்லை வைக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைக் கண்ணளவில் திருப்ப யாரையும் விடாதீர்கள். பெயர் தெரியாத மலிவு நகலைவிட நல்ல ரீபில்டே எனக்குச் சம்மதம்.

எதைப் போட்டாலும் பழைய டர்போவைக் கொன்ற காரணம் என்ஜினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் ஃபீட் பைப்பைக் கழுவாதீர்கள், புதிதாக மாற்றுங்கள். உள்ளே ஒட்டிய கரி பெயர்ந்து புது பேரிங்குக்குத்தான் போகும். அந்த பைப்பைப் பிடிக்கும், நடுவே துளையுள்ள பேஞ்சோ போல்ட்டில் சல்லடை இருந்தால் அதையும் பாருங்கள். பியூஜோ-சிட்ரோயன் 1.6 எச்டிஐ என்ஜினில் இன்ஜெக்டர் வாஷர் கசிந்து கரி ஆயிலில் கலந்து, டர்போ மேல் டர்போவாகப் போவது பிரசித்தம். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையும் பிளேடுத் துணுக்குகளையும் முழுக்க வெளியேற்றுங்கள். ஆயில், ஃபில்டர் புதிது. ஆயில் போகும் வழியில் சிலிகான் பேஸ்ட் தடவவே கூடாது, பிதுங்கி உள்ளே விழுந்து துளையை அடைக்கும்.

பொருத்தியதும் ஆயில் துளையில் சுத்தமான ஆயில் ஊற்றி வீலைக் கையால் சுற்றுங்கள். எரிபொருளைத் துண்டித்து 10 முதல் 15 வினாடி செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். சில நிமிடம் ஐடிலிங்கிலேயே ஓடட்டும், ரேஸ் கொடுக்க வேண்டாம். ஆயிலை 1,000 கி.மீ.யில் மறுபடி மாற்றிவிடுங்கள். ஃபீட் பைப், ஆயில், ஃபில்டர் வாங்கிய பில்களைப் பத்திரப்படுத்துங்கள். வாரன்டி கேட்கும்போது முதலில் கேட்கப்படுவது அவைதான்.