மொரோக்கோ தெருக்கடையில் சாப்பிடலாமா?

கேள்வி: அடுத்த மாதம் நானும் கணவரும் 8 நாள் மொரோக்கோ போகிறோம். மராக்கேஷ், ஃபெஸ் இரண்டு ஊர்தான். நான் சுத்த சைவம். அவர் எல்லாம் சாப்பிடுவார். தெருக்கடைப் பக்கமே போகாதீர்கள், வயிறு கெட்டுவிடும் என்கிறான் மகன். எனக்கோ ஆசை. என்ன செய்ய?
- ஒரு வாசகி, கோவை

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள், சகோதரி. மகனுக்கு அக்கறை இருப்பது நல்லதுதான். அந்த அக்கறையை ஐஸ், குழாய்த்தண்ணீர், நறுக்கி வைத்த பச்சைக் காய்கறி இந்த மூன்றின் மேல் வையுங்கள். கண்ணெதிரே கொதிப்பதையும் பொரிவதையும் நம்பலாம்.

உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காலையில் சாப்பிடுங்கள். பயணிகள் பெரும்பாலும் ராத்திரிக் கடைகளைத் தேடித்தான் ஓடுகிறார்கள். சைவக்காரருக்கு அங்கே காலைச் சாப்பாடுதான் விருந்து.

ஃபெஸ் பழைய நகரத்துச் சந்துகளில் பிஸ்ஸாரா விற்பார்கள். காய்ந்த மொச்சை போன்ற ஃபாவா பயற்றைப் பூண்டோடு குழைய வேகவைத்த கெட்டியான சூப். கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஆலிவ் எண்ணெய் விட்டு, சீரகப் பொடியும் மிளகாய்ப் பொடியும் தூவித் தருவார்கள். பச்சை எண்ணெய் நடுவில் குளமாகத் தேங்கி நிற்கும். ரொட்டியைக் கிள்ளி அதன் ஓரத்திலிருந்து வழித்தெடுக்க வேண்டும். குளிர்காலக் காலையில் சுமை தூக்குகிறவரோடு தோள் உரச உட்கார்ந்து நான் அதைச் சாப்பிட்டேன். அந்தச் சீரக வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது.

ம்ஸெம்மன் கிடைத்தாலும் விடாதீர்கள். மாவை எண்ணெய் தொட்டு மெல்லிசாக விரித்து, சதுரமாக மடித்துக் கல்லில் போடுவார்கள். நம் பரோட்டாவுக்கு உறவு. பக்ரீர் என்பது ஆப்பம் போன்றது, ஒரு பக்கம் மட்டும் வேகும், மேலெல்லாம் துளை. வெண்ணெயும் தேனும் அந்தத் துளைகளில் இறங்கிவிடும். மாக்கூதா என்பது உருளைக்கிழங்கு வடை, ரொட்டிக்குள் வைத்தும் தருவார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஹரீரா சூப்பில் தக்காளி, கொண்டைக்கடலை, பருப்பு எல்லாம் இருப்பதால் சைவம் போலத் தெரியும். பல இடங்களில் ஆட்டிறைச்சி சேர்த்தே கொதிக்க வைப்பார்கள். கோதுமை ரவையில் செய்யும் காய்கறி குஸ்குஸும் அப்படித்தான், பெரும்பாலும் இறைச்சிச் சாறில்தான் வேகும். அங்கே பேசும் அரபியில் 'ப்லா ல்ஹம்' என்றால் இறைச்சி இல்லாமல். சிலர் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள் என்பதால், சாறு எதில் செய்தது என்றும் கேளுங்கள்.

கணவரை மராக்கேஷில் தஞ்சியா சாப்பிட வையுங்கள். இறைச்சி, பூண்டு, சீரகம், உப்பில் ஊறிய எலுமிச்சை எல்லாவற்றையும் மண்ஜாடியில் அடைத்து, ஹம்மாம் எனும் பொதுக் குளியலறையின் உலைச் சாம்பலில் மணிக்கணக்காகப் புதைத்து வேகவைப்பது அது.

மாலையில் இருவரும் ஜெமா எல்-ஃப்னா சதுக்கத்துக்குப் போங்கள். கதைசொல்லிகளும் இசைக்காரர்களும் கூடும் அந்த இடத்தின் பண்பாட்டை யுனெஸ்கோ 2001-லேயே சிறப்பித்தது. இருட்டியதும் எண் போட்ட சாப்பாட்டுக் கடைகள் முளைக்கும், ஆட்கள் கையைப் பிடிக்காத குறையாக அழைப்பார்கள். நின்று பாருங்கள்; உள்ளூர்க் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் இடம் பிடியுங்கள். கேட்காமலே ஆலிவும் ரொட்டியும் வந்தால் அதற்கும் காசு வாங்கலாம், முதலிலேயே விலை கேட்டுவிடுங்கள். 'ப்ஷ்ஹால்?' என்றால் எவ்வளவு. ஆரஞ்சுச் சாற்றை எதிரிலேயே பிழியச் சொல்லி, உங்கள் பாட்டிலில் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி டம்ளரை வாளித் தண்ணீரில் அலசித் தருகிற கடைகள் உண்டு.

சாப்பிட்டு எழுந்ததும் கடைக்காரர் 'ப்ஸஹா' என்பார், உடம்புக்கு நல்லதாகட்டும் என்று வாழ்த்து. 'அல்லா யாதிக் ஸஹா' என்று பதில் சொல்லுங்கள். அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.