லெனேசியா உறைபனியில் அல்லியும் தாமரையும்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் என் அம்மா வீட்டுத் தொட்டியில் நீல அல்லி ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூக்கும். அதில் ஒரு கிழங்கை ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொல்லையில் சிமெண்ட் தரைமேல் கிடக்கும் பழைய குளியல் தொட்டியில், மாட்டுச் சாணமும் தோட்ட மண்ணும் கலந்து நட்டேன். கோடையில் நன்றாகப் பூத்தது. தண்ணீர் மட்டும் பச்சையாகவே இருந்தது. ஜூன் மாத உறைபனியில் இலைகள் எல்லாம் கருகிவிட்டன. பக்கத்தில் நாற்றுப் பண்ணையில் வாங்கிய சிவப்பு அல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது சிறிய குளமாகவே வெட்டலாம் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமைப் பூசைக்குத் தாமரை வேண்டும். தோழி ஒருவர் ஊதாப் பூப் பூக்கும் மிதக்கும் செடி தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான். – லெனேசியா வாசகி

பதில்: முதலில் தொட்டியின் சேற்றுக்குள் கையை விட்டுப் பாருங்கள், அம்மா. இலை கருகியதை வைத்துச் செடி செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கொட்டைப் பாக்கு அளவில் கெட்டியான கிழங்கு கையில் தட்டுப்பட்டால் அது உயிரோடு இருக்கிறது. அழுத்தினால் குழைந்து நாற்றம் அடித்தால்தான் போயிற்று. ஆகஸ்ட் பிறந்துவிட்டது; தேட இதுவே சரியான நேரம்.

உங்கள் இரண்டு அல்லிகளும் இரண்டு வகை. இலை விளிம்பைப் பாருங்கள்: அம்மா வீட்டு நீல அல்லியில் பல் பல்லாக இருக்கும், பூவும் தண்ணீருக்கு மேலே காம்பு நீட்டி நிற்கும். அது வெப்பமண்டல வகை. சிவப்பு அல்லியின் விளிம்பு வழவழப்பாக இருக்கும், பூ பெரும்பாலும் நீர்மட்டத்திலேயே மிதக்கும். அது குளிர் தாங்கும் வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் லத்தூர் மார்லியாக் என்பவர் உருவாக்கிய கலப்பினங்களிலிருந்து வந்த பரம்பரையாக இருக்கலாம். குளிர் தாங்கும் அல்லியில் நீல நிறம் வழக்கமாகக் கிடைக்காது. எனவே பெயர்ச் சீட்டு இல்லாத செடியில் நீலப் பூவைக் கண்டால், அதைக் குளிருக்கு அஞ்சும் வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்க மண்ணுக்கே உரிய நீல அல்லி ஒன்றும் இருக்கிறது. நம் ஊர்க் குவளைக்கு நெருங்கிய உறவு. உங்களுடையது அதுவாகவும் இருக்கலாம். கவனிப்பு முறை ஒன்றுதான்.

கருகியதற்குக் குளிர் பாதிக் காரணம், தொட்டி மீதிக் காரணம். கடற்கரை டர்பனில் உறைபனி இல்லை. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஜூன், ஜூலை இரவுகளில் தண்ணீர் மேல் மெல்லிய பனிக்கட்டி படியும். தரைக்கு மேலே வைத்த தொட்டி நான்கு பக்கமும் அடிப்பக்கமும் சேர்ந்து குளிர்ந்துவிடும். மண்ணுக்குள் இறக்கிய குளத்தின் அடிநீர் அவ்வளவு எளிதில் குளிராது. ஆகவே குளம் வெட்டும்போது ஜூலை மாதத்தை மனத்தில் வைத்து வெட்டுங்கள். கோடையில் எந்தப் பள்ளத்திலும் பூப் பூக்கும். ஒரு மூலையாவது 60 முதல் 75 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். விளிம்பில் 15 செ.மீ. ஆழத்தில் ஒரு படி விடுங்கள்.

இடம் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து செல்கிறது. வடக்குப் பார்த்த சுவரின் முன்னால் குளம் இருந்தால் பகல் வெப்பத்தைச் சுவர் பிடித்துவைத்து இரவில் தரும். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். இந்தியக் காணொளிகள் சொல்லும் மாதங்களை ஆறு மாதம் தள்ளிப் படிக்க வேண்டும் என்பதை நீங்களே அறிவீர்கள். திசையையும் அப்படியே திருப்பிப் படியுங்கள்.

சிவப்பு அல்லிக்குப் பெரிய வேலை இல்லை. மே மாதம் மஞ்சள் இலைகளைக் கிள்ளிவிட்டு, நட்டிருக்கும் தொட்டியோடு குளத்தின் ஆழத்தில் இறக்குங்கள், செப்டம்பரில் மேலே ஏற்றுங்கள். நீலத்துக்குத்தான் சிரமம். மே மாத இறுதியில் இலைகள் வாடியதும் கிழங்கைத் தோண்டிக் கழுவி, ஈர மணலில் புதைத்து, மூடியுள்ள ஜாடியில் 10 முதல் 15 டிகிரி வெப்பம் உள்ள இருட்டான இடத்தில் வையுங்கள். செப்டம்பரில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குவளையில் போட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தால் முளைக்கும். குளத்து நீர் 20 டிகிரிக்குக் கீழே இறங்காத காலம் வரும்வரை வெளியே விடாதீர்கள். லெனேசியாவில் அது பெரும்பாலும் நவம்பர்தான். அவசரப்பட்டு அக்டோபரில் விட்டால் செடி மறுபடி உறங்கப் போய்விடும்.

தாமரையைப் பற்றி ஒரு நல்ல செய்தி: பூவைப் பார்த்தால் வெப்பநாட்டுச் செடி, ஆனால் கிழங்கு உறையாமல் இருந்தால் குளிர்காலத்தைத் தாங்கிவிடும். அதற்கு வேண்டியது நீண்ட, சூடான கோடை. ஜோகன்னஸ்பர்க் கோடை போதும். அடியில் துளையில்லாத, 50 செ.மீ. அகலத் தொட்டியில் களிமண் கலந்த மண்ணை இட்டு, ஆகஸ்ட் இறுதியில் கிழங்கைப் படுக்கவைத்து நடுங்கள். கிழங்கின் முளைக்கூர் ஒடிந்தால் அந்தக் கிழங்கு பயனற்றது. அந்த முளையின் நுனியை மட்டும் மண்ணுக்கு வெளியே நீட்டிவிடுங்கள். மேலே 5 முதல் 10 செ.மீ. நீர் போதும். குளிர்காலத்தில் தொட்டியோடு ஆழத்தில் இறக்கிவிடலாம். விதையிலிருந்து வளர்ப்பதானால் கடினமான விதையோட்டை அரத்தால் தேய்த்து உள் வெண்மை தெரியும்படி செய்து வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். சில நாளில் முளைக்கும், ஆனால் முதல் கோடையில் பூவை எதிர்பார்க்காதீர்கள். ஆற்றோரத்திலோ சதுப்பு நிலத்திலோ நட வேண்டாம். தாமரை வெகுவாகப் பரவும்.

தண்ணீர் பச்சையானதற்குச் சாணம்தான் காரணம். நீரில் கரைந்த சத்தைப் பாசிதான் முதலில் தின்னும். சாணம், மக்கு உரம், பையில் விற்கும் மண் மூன்றும் நீர்ச்செடிக்கு ஆகாது. கனமான தோட்டக் களிமண்ணை நிரப்பி மேலே இரண்டு விரல் கூழாங்கல் பரப்புங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாதம் ஒருமுறை, மெதுவாகக் கரையும் உரத்தை ஒரு தேக்கரண்டி அளவு செய்தித்தாளில் பொட்டலம் கட்டி வேரருகே மண்ணுக்குள் திணியுங்கள். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடினால் பாசி தானாகக் குறையும். நவம்பரில் ஆலங்கட்டி மழை வந்து இலைகளைக் கிழித்தாலும் கவலைப்படாதீர்கள், இரண்டு வாரத்தில் புது இலை வரும்.

தோழி தருவதாகச் சொல்வதை வாங்காதீர்கள். ஊதாப் பூவும் பருத்த காம்பும் இருந்தால் அது வெங்காயத்தாமரை. தென்னாப்பிரிக்காவில் அதை நடவோ விற்கவோ கொடுக்கவோ சட்டம் அனுமதிக்காது; முட்டைக்கோஸ் போன்ற ஆகாயத்தாமரைக்கும் அதே நிலை. ஹார்ட்பீஸ்பூர்ட் அணையை வெங்காயத்தாமரை மூடியதையும், அதை அழிக்கத் தத்துப்பூச்சிகளை விட வேண்டியிருந்ததையும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். லெனேசியாவுக்கு அருகில் ஓடும் கிளிப் ஆறு வால் ஆற்றில் கலக்கிறது, அங்கே பரவ ஒரு செடி போதும். தோழியிடமும் சொல்லுங்கள்: பூப்பதற்கு முன் வாரி எடுத்துச் சிமெண்ட் தரையில் காயவைத்துப் புதைக்க வேண்டும், ஓடையில் எறியக் கூடாது. மெக்சிகோவிலிருந்து வந்த மஞ்சள் அல்லியும் காட்டுக் கல்வாழையும்கூட இதே தடைப் பட்டியலில் உள்ளவை.

விளிம்புப் படிக்கு நான் சொல்வது வசம்பும் வல்லாரையும் சேம்பும். வசம்பு பனியைப் பொருட்படுத்தாது. ஜூலு வைத்தியர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். வல்லாரை இந்நாட்டிலேயே தானாக முளைக்கும் செடி, ஆனால் மீன் குளத்து வல்லாரையைப் பச்சையாகத் துவையல் அரைக்க வேண்டாம். சேம்பின் இலை பனியில் கருகும், கிழங்கு மிஞ்சும். பப்பைரஸ் கோரை அழகுதான், ஆனால் சிறிய குளத்தை விழுங்கிவிடும். குட்டை வகையைக் கேளுங்கள்.

கொசுவுக்கு நான்கைந்து சிறிய தங்கமீன்கள் போதும். ஜோகன்னஸ்பர்க் குழாய் நீரில் குளோரமைன் கலந்திருக்கிறது; குளோரினைப் போல ஒருநாள் வைத்திருந்தால் ஆவியாகிவிடாது. மீன் விடுவதற்கு முன் அதற்கான மருந்தைக் கலந்துவிடுங்கள். செடிகளுக்கு அந்தக் கவலை இல்லை.

பேரனுக்காக, நீர்மட்டத்துக்கு மேலே கம்பி வலை பொருத்துங்கள். குழந்தை ஏறினால் தொய்யாத பற்றவைத்த வலை வேண்டும். கோழிக் கம்பி போதாது. கட்டங்கள் வழியாகத் தாமரை இலைகள் தாமாக மேலே வந்துவிடும். வலையைப் பொருத்தி முடிக்கும்வரை குளத்தில் நீர் நிரப்ப வேண்டாம்.