ஈசியூவில் வேகம் கூடுதலாகக் காட்டுகிறதா? மீட்டரைப் பார்த்துத் திருத்தாதீர்கள்

கேள்வி: வணக்கமுங்க. ஊர் பெருந்துறை பக்கம். இருபது வருடப் பழைய ஹேட்ச்பேக் கார். கம்பெனி ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்) கழற்றிவிட்டு, நாமே புரோகிராம் செய்துகொள்கிற வெளி ஈசியூ போட்டிருக்கிறேன். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டத்தான். டயரும் 175/70 ஆர்13-லிருந்து 185/65 ஆர்14-க்கு மாற்றியாச்சு. இப்போது போன் ஜிபிஎஸ்ஸில் 80 என்றால் மீட்டர் 83 காட்டுகிறது, ஈசியூ 90 காட்டுகிறது. இரண்டுக்கும் கியர்பாக்ஸில் இருக்கிற ஒரே சென்சார்தான். ஈசியூவில் ‘ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பல்ஸ்’ (சென்சார் அனுப்புகிற மின் துடிப்பு) என்ற இடத்தில் 2,200 இருக்கிறது. மீட்டரோடு ஒத்துப்போகிற மாதிரி வைத்தால் போதும் என்கிறார் மெக்கானிக். என்ன நம்பர் போடட்டும்?

பதில்: 2,475 போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். 80-ல் மட்டும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். 40-லும் 60-லும் ஈசியூ எவ்வளவு காட்டுகிறது? 40-க்கு 45, 60-க்கு 67 அல்லது 68 என்று வந்தால் எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில்தான் கூடுகிறது. அப்படியானால் நம்பரை மாற்றினாலே சரியாகிவிடும். 40-ல் சரியாக இருந்து 80-ல் மட்டும் எகிறினாலோ, வண்டி நிற்கும்போதே 10, 15 என்று துள்ளினாலோ கோளாறு நம்பரில் இல்லை, ஒயரில். அந்த நிலையில் நம்பரை என்ன மாற்றினாலும் ஒரு வேகத்தில் சரியாகி இன்னொன்றில் கெடும். பலரும் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மீட்டரை ஏன் நம்பக்கூடாது என்றால், அது கூட்டிக் காட்டுவதற்கென்றே வைக்கப்பட்டது. ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிப்படி மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை. அதாவது 80-ல் போகிற வண்டி 92 காட்டினாலும் விதிக்குள்தான். உங்கள் மீட்டர் 83-ல் நிற்பதற்குக் காரணமே பெரிய டயர்தான். பழைய டயரின் சுற்றளவு கணக்குப்படி சுமார் 1,807 மி.மீ., புதியது 1,873. வித்தியாசம் 3.6 சதவீதம். பழைய டயரில் இதே மீட்டர் 80-க்கு 86 காட்டியிருக்கும். சொல்லப்போனால் ஓடோமீட்டரும் இப்போது அதே அளவு குறைத்து எண்ணும், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் 965 தான் ஏறும். டயர் மாற்றியதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்களுக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

இனி கணக்கு. பழைய நம்பர் × ஈசியூ காட்டுவது ÷ ஜிபிஎஸ் காட்டுவது. 2,200 × 90 ÷ 80 = 2,475. இதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. ஜப்பானிய வழக்கப்படி செய்த பல கார்களில் மீட்டர் தண்டு 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 637 சுற்று சுற்றும், சுற்றுக்கு 4 பல்ஸ். 60-ல் ஒரு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்பதால் கிலோமீட்டருக்கு 2,548 பல்ஸ். உங்கள் பெரிய டயருக்கு 3.6 சதவீதம் கழித்தால் சுமார் 2,460. நம் 2,475 அதன் பக்கத்திலேயே வருகிறது, அதனால் தைரியமாகப் போடலாம்.

ஒரு எச்சரிக்கை. சில ஈசியூக்களில் பல்ஸ் எண்ணிக்கைக்குப் பதிலாக டயர் சுற்றளவையோ ஒரு பெருக்கு எண்ணையோ கேட்பார்கள். அங்கே கணக்கு தலைகீழ்: ஜிபிஎஸ்ஸை மேலே போட்டு ஈசியூவைக் கீழே போட வேண்டும். இடம் மாறிப் போட்டால் பிழை போகாது, இரட்டிக்கும். உங்கள் ஈசியூவில் 2,475-க்குப் பதில் 1,956 போட்டீர்கள் என்றால் 80-ல் போகும்போது 101 காட்டும். அப்படிக் காட்டினால் பதறாமல் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்.

ஓட்டிப் பார்க்க செங்கப்பள்ளி தாண்டி அவினாசி நோக்கிப் போகிற ஆறு வழிச்சாலை நல்ல இடம், விடிகாலையில். போன் ஜிபிஎஸ் ஒரு நொடி பின்தங்கியே வரும், எனவே வேகம் ஏறும்போதோ இறங்கும்போதோ ஒப்பிடக்கூடாது. ஆக்சிலேட்டரை அசையாமல் பிடித்து, பத்து நொடி ஒரே வேகத்தில் போய், அப்புறம்தான் இரண்டு எண்ணையும் எடுக்க வேண்டும். மேடு பள்ளத்தால் கணக்குக்குக் கெடுதல் இல்லை. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே அடிக்கும்போது மட்டும் வேகத்தை ஒரே சீராகப் பிடிப்பது பெரும்பாடு. லேப்டாப்பைப் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், ஓட்டுகிறவர் ரோட்டை மட்டும் பார்க்கட்டும்.

ஒயர்தான் கோளாறு என்று தெரிந்தால் முதலில் புல்-அப்பைப் பாருங்கள். ஹால் சென்சார் (காந்தத்தை உணர்ந்து பல்ஸ் தருகிற வகை) தானாக வோல்டேஜ் தராது. சிக்னல் வோல்டேஜை மேலே இழுத்துப் பிடிக்க ஒரு ரெசிஸ்டர் வேண்டும், அதுதான் புல்-அப். அது உங்கள் மீட்டருக்குள்ளேயே இருக்கக்கூடும். அப்படி இருக்கும்போது ஈசியூவிலும் புல்-அப்பை ஆன் செய்தால் சிக்னல் கீழே முழுதாக இறங்காமல் ஏதாவது ஒன்று திணறும். ஈசியூவில் இருப்பதை ஆஃப் செய்து பாருங்கள். நிற்கும்போதே எண் துள்ளினால் சென்சார் ஒயர் இக்னிஷன் காயில் ஒயரோடு ஒட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். ஷீல்டு ஒயர் போட்டால் ஈசியூ பக்கம் மட்டும் எர்த் கொடுங்கள், இரண்டு பக்கமும் வேண்டாம்.

டிராக்கில் லாஞ்ச் கன்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சினை அடக்குவது), டிராக்ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்காமல் பார்ப்பது) வைக்கிற எண்ணம் இருந்தால் கியர்பாக்ஸ் சென்சார் பத்தாது. அது எஞ்சின் சுற்றுகிற சக்கரத்தின் வேகத்தைச் சொல்கிறது. அந்தச் சக்கரம் வழுக்கினால் அதையும் வேகம் என்றே எண்ணும். தவிர 10 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏழு பல்ஸ்தான் வரும், எண் தத்தித் தத்தி நகரும். சும்மா உருள்கிற சக்கரத்தில் 48 பல் ரிங் போட்டால் அதே வேகத்தில் 70-க்கு மேல் வரும். கிலோமீட்டருக்குச் சுமார் 26,000 பல்ஸ் என்று கணக்கு வரும். புதிய ஏபிஎஸ் சென்சார்களில் இரண்டு ஒயர் வகை மின்னோட்டத்தில் பேசுபவை, 7 மில்லியாம்பியருக்கும் 14-க்கும் இடையில் மாறும். நேராக ஈசியூவில் செருகினால் ஒன்றும் தெரியாது, நடுவில் தகுந்த சர்க்யூட் வேண்டும்.

சக்கர சென்சாருக்குச் சுற்றளவு எடுக்கும்போது டயர் பக்கத்தில் அச்சிட்ட அளவை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். எடை இறங்கியதும் டயர் சற்று அமுங்கும். பஞ்சர் கடையில் காற்றைச் சரியாக வைத்து, சீட்டில் ஆள் உட்கார்ந்து, வால்வுக்கு நேரே டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஐந்து சுற்று நேராகத் தள்ளி, டேப்பால் அளந்து ஐந்தால் வகுங்கள்.

வேகம் சரியானதும் கியர் டேபிளைப் புதிதாகப் பதிய வைக்க வேண்டும். ஈசியூ எந்த கியர் என்று கண்டுபிடிப்பதே ஆர்பிஎம்மையும் வேகத்தையும் வகுத்துத்தான். பழைய 90-ஐ வைத்துப் பதிந்த டேபிள் இனி நான்காவதை மூன்றாவது என்று சொன்னாலும் சொல்லும். வேக வரம்பு எங்காவது வைத்திருந்தால் அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டிராக்குக்குத் தனி டயர் செட் வைத்திருந்தால் அதற்கென்று இன்னொரு மேப்பாக (ஈசியூ செட்டிங் தொகுப்பாக) சேமித்துக்கொள்ளுங்கள்.