மகள் என் இமையை இழுத்துப் பார்த்த காலை

"டீன்ஏஜ் மகள் என் உடம்பைப் பற்றி ஓயாமல் புத்தி சொல்கிறாள், எரிச்சலாக வருகிறது, என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அந்த எரிச்சல் வந்ததுண்டு. "எனக்கே புத்தி சொல்ற அளவுக்கு வளர்ந்துட்டியா?" என்று அவள் வாயை அடைத்திருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

அப்போது எனக்கு 44 வயது, அவளுக்கு 14. அவளுக்கு மாதவிடாய் சீராகிக்கொண்டிருந்த சமயத்தில் எனக்குத் தாறுமாறானது. பத்து நாள் வரை போகும். மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டிய நாட்களும் இருந்தன. நிற்கப்போகிற வயதில் இதெல்லாம் சகஜம் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். மாடி ஏறினால் மூச்சு வாங்கியதையும் வயசுக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்.

ஒரு நாள் காலை அவள் என்னை ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, கட்டைவிரலால் என் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தாள். பிறகு தன் இமையையும் இழுத்துக் காட்டினாள். "என்னோடது சிவப்பா இருக்கு பாரு. உன்னோடது வெளுத்துப் போயிருக்கும்மா. ஏழு நாளைக்கு மேல போனா டாக்டரைப் பாக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அது உனக்குக் கிடையாதா?"

என்னிடம் பதில் இல்லை. போய்ப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி தெரிந்தது. அதற்குச் சிகிச்சை, கூடவே இரும்புச்சத்து மாத்திரை. மாத்திரையை நான் டீயோடு விழுங்குவதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். டீ, இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாதாம். மருத்துவரிடம் கேட்டேன், அவள் சொன்னது சரி.

சொல்வதெல்லாம் சரியாக இருக்காது என்பதும் உண்மை. மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்பில் உள்ள நச்சு வெளியேறிவிடும் என்று எங்கோ பார்த்துவிட்டு வந்தாள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்கின்றன என்று உட்கார வைத்து விளக்கினேன். புரிந்துகொண்டாள்.

நான் பெரிய தப்பு செய்தது வேறோர் இடத்தில். குழந்தை பயந்துவிடுவாளே என்று ரிப்போர்ட்டை அவளிடம் காட்டாமல் வைத்திருந்தேன். நான்கு நாள் கழித்து, "உனக்கு ஏதோ பெருசா இருக்கு, அதான் மறைக்கிறேன்னு ராத்திரியெல்லாம் தூங்கலம்மா" என்று அழுதுவிட்டாள். அன்றே தாளைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு எண்ணாகச் சேர்ந்து படித்தோம். "நீ பாத்துச் சொன்னது போதும், இனி கவனிச்சுக்கிறது என் வேலை" என்றும் சொன்னேன். அந்தப் பாரத்தைப் பிள்ளை சுமக்கக் கூடாது.

உங்கள் மகள் எதைப் பற்றிச் சொல்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள் என்றால், தயவுசெய்து இந்த வாரமே போய்ப் பாருங்கள். ரிசல்ட் வந்ததும் அவளிடமும் சொல்லுங்கள்.