வகுப்பறை யோசனைக்குச் சிறு நிதியுதவி: ஆசிரியர்கள் கேட்ட கேள்விகள்

கேள்வி: நான்காம் வகுப்புக் கணக்குக்குக் கற்றல் பொருள்கள் வாங்க விண்ணப்பம் எழுதுகிறேன் மேடம். முதல் பத்தியிலேயே நிற்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பிள்ளைகளுக்கு எது பிடிபடவில்லையோ அங்கிருந்து. 'பின்னப் பட்டைகள் (1/2, 1/3 போன்ற பின்னங்களை நீளத்தால் காட்டும் துண்டுகள்) 10 செட் தேவை' என்று தொடங்கினால் அது கடைச் சீட்டு போல இருக்கும். 'மூன்றைவிட நான்கு பெரியது, அதனால் 1/3ஐவிட 1/4தான் பெரியது என்று என் வகுப்பில் பலர் சொல்கிறார்கள். பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து அவர்களே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்' என்று எழுதுங்கள். படிப்பவருக்கு உங்கள் வகுப்பு கண்ணில் தெரியும். அவர் ஆசிரியராகவே இல்லாமல் இருக்கலாம், அதனால் கல்வியியல் சொற்களைக் குறையுங்கள். 'ஆர்வம் பெருகும்' என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். பிள்ளைகள் என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்லுங்கள்: அளப்பார்கள், அடுக்குவார்கள், காரணம் சொல்வார்கள்.

கேள்வி: பட்ஜெட்டில் ஒரு மொத்தத் தொகை போட்டால் போதுமா?

பதில்: போதாது. பொருள்வாரியாக எண்ணிக்கை, ஒன்றின் விலை, மொத்தம் மூன்றும் வேண்டும். வரியையும் அனுப்பும் செலவையும் விட்டுவிடாதீர்கள், கடைசியில் கையைக் கடிக்கும். சம்பளம், உணவு போன்றவற்றுக்குத் தராத அமைப்புகள் நிறைய உண்டு. விதிமுறைகளை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

கேள்வி: தலைமை ஆசிரியரிடம் எப்போது சொல்வது?

பதில்: எழுதத் தொடங்கும் முன்பே. அவர் கையெழுத்து தேவைப்படலாம், பணமும் பள்ளிக் கணக்குக்கே வரலாம்.

கேள்வி: பலன் கிடைத்ததை எப்படிக் காட்டுவது டீச்சர்? ஆய்வெல்லாம் எனக்குத் தெரியாது.

பதில்: சிறு தொகைக்கு ஆய்வு தேவைப்படாது. பாடத்துக்கு முன் ஐந்து கேள்விகள், பின் அதே வகையில் எண்களை மட்டும் மாற்றி ஐந்து. ஒவ்வொன்றிலும் 'ஏன்?' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைவிட அந்த ஒரு வரியில்தான் புரிந்ததா இல்லையா என்பது தெரியும். முன்னும் பின்னும் ஒரே பிள்ளை எழுதியதைப் பெயரை மறைத்து அறிக்கையில் சேர்க்கலாம். படம் போடுவதென்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம்.

கேள்வி: நிராகரித்துவிட்டார்கள். அதையே வேறு இடத்துக்கு அனுப்பலாமா?

பதில்: தாராளமாக. முதலில் மறுத்தவர்களிடம் காரணம் கேளுங்கள், சிலர் சொல்வார்கள். நல்ல யோசனைகூட நிதி போதாமல் நின்றுபோவதுண்டு. அப்புறம், புதிய அமைப்பு எதற்காக நிதி தருகிறது என்று பார்த்து முதல் பத்தியைத் திருத்துங்கள். வாசிப்புக்குத் தருபவர்களிடம் கணக்குப் பட்டைகளைக் கேட்டால் கிடைக்காது.