டெஸ்டிங் பண்றோமே, அப்புறம் ப்ராசஸ் எதுக்கு?

கேள்வி: எங்களது சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி சார். புதுசா வந்த மேனேஜர் கோட் ரிவ்யூ (ஒருத்தர் எழுதின கோட இன்னொருத்தர் பாக்கறது), ரிலீஸ் செக்லிஸ்ட்னு தினமும் ஏதாவது ஒண்ணு கொண்டு வர்றாரு, வேலையே ஓட மாட்டேங்குது. நல்லா டெஸ்ட் பண்ணா போதாதா? (வாசகர், கோவை)

பதில்: போதாதுங்க. அமெரிக்காவுல நைட் கேபிடல்னு பெரிய ஷேர் டிரேடிங் கம்பெனி இருந்துச்சு. 2012 ஆகஸ்ட் 1 அன்னிக்கு நியூயார்க் எக்ஸ்சேஞ்சுல ஒரு புது ஸ்கீம் ஆரம்பம், அதுக்காக எழுதின கோட கொஞ்ச நாள் முன்னாடியே 8 சர்வர்ல ஏத்த ஆரம்பிச்சாங்க, ஏத்தினவரு 7-ல ஏத்திட்டு ஒண்ண விட்டுட்டாரு. இன்னொருத்தர் செக் பண்ணணும்னு அங்க ரூலே கிடையாது. விட்டுப்போன சர்வர்ல 'பவர் பெக்'னு 2003-லயே நிறுத்தின பழைய கோடு அழிக்காம கெடந்துச்சு, புது கோடுக்கு இவங்க எடுத்து வெச்சதோ அந்தப் பழசோட ஃப்ளாக் (ஒரு கோட ஆன் பண்ற ஸ்விட்ச் மாதிரி)! மார்க்கெட் தொறந்ததும் அந்தப் பழைய கோடு முழிச்சுக்கிட்டு ஆர்டரா போட்டுத் தள்ளிடுச்சு. சுமார் 45 நிமிஷத்துல 40 லட்சம் டிரேடுக்கு மேல, நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல.

இதுல கவனிங்க, புது கோடு ஏறின 7 சர்வர்லயும் ஒழுங்காத்தான் ஓடுச்சு. உங்க டெஸ்டரே பாத்திருந்தாலும் பாஸ்னுதான் சொல்லியிருப்பாரு. காலைல மார்க்கெட் தொறக்கறதுக்கு முன்னாடியே பவர் பெக் பேரப் போட்டு சிஸ்டத்துலேருந்து 97 மெயில் வந்திருக்கு, அத யார் பாக்கணும்னு யாருக்கும் சொல்லி வெக்கல, யாரும் பாக்கல. பிரச்சனை வந்தா என்ன செய்யணும்னும் எழுதி வெக்காததால பதட்டத்துல அந்த 7 சர்வர்லேருந்து புது கோடத் தூக்கிட்டாங்க, அங்கயும் பழசு எந்திரிச்சு நெலமை இன்னும் மோசமாயிடுச்சு (படிக்கறப்பவே நமக்கு வயித்தக் கலக்குது). அடுத்த வருஷம் அமெரிக்க ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கற எஸ்இசி 1.2 கோடி டாலர் அபராதம் வேற போட்டுச்சு.

அதுக்காக இருபது பக்க ஃபார்ம் வேணாம். பாக்காமலே டிக் அடிக்கற ரிவ்யூ சுத்த வேஸ்ட். ரிலீஸுக்கு அரைப் பக்க செக்லிஸ்ட், ஏத்தினவர் தவிர இன்னொருத்தர் சரிபாக்கறது, ரோல்பேக் (பிரச்சனைன்னா பழைய வெர்ஷனுக்குத் திரும்பறது) ஒரு தடவையாச்சும் ட்ரையல் பாத்து வெக்கறது, தேவையில்லாத கோட அப்பப்ப அழிக்கறது, இத மட்டும் விடாதீங்க. மிச்சத்த மேனேஜர்கிட்ட பேசிக் குறைச்சுக்கலாம்.

கேள்வி: ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றிதழ் வாங்கிட்டா சாஃப்ட்வேர் தரமானதுன்னு அர்த்தமா? (வாசகி, மதுரை)

பதில்: இல்லம்மா. வேலைய எப்படி நடத்தறீங்கன்னுதான் அதுல பாப்பாங்க, உங்க ஆப்ப யாரும் ஓட்டிப் பாக்க மாட்டாங்க. டெண்டருக்குக் கேட்டா வாங்கி வெச்சுக்கங்க.