கீமோ சிகிச்சையில் முடி கொட்டும்போது தலை வலியும் எரிச்சலும்: என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

கேள்வி: நாங்கள் மதுரைக்கு அருகே திருமங்கலத்தில் வசிக்கிறோம். என் தாயாருக்கு 54 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து மதுரையில் கீமோ ஊசி போட்டு வருகிறோம். முதல் ஊசிக்குப் பின் மூன்றாவது வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியது. அதைவிட, தலையணையில் சாய்ந்தாலே மண்டைத் தோல் வலிக்கிறது, எரிகிறது என்கிறார். உச்சியில் இரண்டு மூன்று சிறிய பருக்களும் இருக்கின்றன. பெரியம்மா சின்ன வெங்காயச் சாறு தேய்க்கச் சொல்கிறார். அத்தையோ, அழகர்கோவிலில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டதை இப்போதே செய்துவிடலாம் என்கிறார். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், அவசரம் அதில்தான் இருக்கிறது. கேட்காமல் மாத்திரை கொடுக்காதீர்கள். கீமோ ஊசி போட்ட ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையிலான காலத்தில் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் பொதுவாக மிகவும் குறைந்துவிடும். அப்போது ஒரு தொற்று உடலில் நுழைந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் ஒரே அடையாளம் பல நேரங்களில் காய்ச்சல்தான். தலை வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிட்டால் அந்தக் காய்ச்சல் வெளியே தெரியாமல் போய்விடும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போன்றவை இன்னும் சிக்கலானவை, ஏனெனில் கீமோவால் இரத்தத் தட்டணுக்களும் குறைந்திருக்கும் நிலையில் அவை இரத்தக் கசிவுக்கு வழிவகுக்கலாம். வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். மாத்திரையைப் பற்றி யோசிப்பதற்கு முன் சூடு பாருங்கள், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால், நடு இரவானாலும், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே போனதும் முதல் வார்த்தையாகக் கீமோ நடக்கிறது என்பதைச் சொல்லுங்கள். காய்ச்சல் இல்லை, வலி தாங்க முடியவில்லை என்றால், எந்த மாத்திரை, எத்தனை என்பதை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு அதன்படி கொடுக்கலாம்.

இனி, வலி ஏன் வருகிறது என்பதைப் பார்ப்போம். தலைமுடியில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு எந்த நேரத்திலும் வளர்ச்சி நிலையிலேயே இருக்கும். அந்த வேர்களின் அடியில் உள்ள செல்கள் உடலிலேயே மிக வேகமாகப் பெருகுபவற்றுள் அடங்கும். வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதே பல கீமோ மருந்துகளின் வேலை என்பதால், புற்றுக் கட்டியோடு சேர்ந்து முடியின் வேரும் அடிபடுகிறது. நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் டாக்சோரூபிசின், அதனுடன் தரப்படும் சைக்ளோபாஸ்பமைடு, பின்னர் வரும் பாக்ளிடாக்சல் அல்லது டோசிடாக்சல் ஆகியவற்றில் இது மிகுதி. ஒவ்வொரு முடிவேரையும் சுற்றி நுண்ணிய நரம்பு முனைகள் பின்னிக் கிடக்கின்றன. வேர் பாதிக்கப்படும்போது அந்த நரம்புகள் மிகையாக விழித்துக்கொள்வதால், சாதாரணத் தொடுகைகூட வலியாகத் தெரிகிறது. நாள் முழுதும் இறுக்கிப் பின்னிய சடையை இரவில் அவிழ்த்து முடியை எதிர்ப்பக்கம் தள்ளும்போது ஏற்படும் வலியைப் பெண்கள் அறிவார்கள். இது அதே வலி, ஆனால் பல மடங்கு. முடி உதிர்வதற்குச் சில நாட்களுக்கு முன்பே தொடங்கி, பெரும்பகுதி உதிர்ந்து முடிந்ததும் பொதுவாகத் தானே அடங்கிவிடும். உங்கள் தாயாருக்கு மூன்றாவது வாரத்தில் தொடங்கியிருப்பது எதிர்பார்த்த காலக்கணக்குதான். நோய் முற்றுகிறது என்றோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றோ அவர் எண்ணிக் கலங்க வேண்டியதில்லை.

இந்த வலிக்கு நான் முதலில் சொல்லும் வைத்தியம் கத்தரிக்கோல். நீண்ட முடி உதிரும்போது எல்லாம் கீழே விழுந்துவிடுவதில்லை; வேரை விட்ட முடிகள் வேரோடு இருக்கும் முடிகளில் சிக்கிச் சடை பிடித்துக்கொள்ளும். அந்தச் சிக்கின் எடை முழுவதும் ஏற்கெனவே நொந்துபோன வேர்களை இழுத்துக்கொண்டே இருக்கும், அதைச் சீப்பால் எடுக்க முயன்றால் கண்ணீர்தான் மிஞ்சும். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, முடியைத் தளர்வாகப் பின்னி, பிடரிக்குச் சற்றுக் கீழே ஒரு துணி நாடாவால் கட்டி, கட்டுக்கு மேலே வெட்டிவிடுங்கள். வெட்டும்போது இன்னொருவர் சடையை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தால் இழுவை இருக்காது. மீதியை அன்றோ, அவர் மனம் தயாரானதும் இன்னொரு நாளோ, டிரிம்மரில் மூன்று மில்லிமீட்டர் அளவு வைத்துக் குறைக்கலாம். முன்கூட்டியே முடியை எடுக்கச் சொல்வது கொடுமை என்று சில குடும்பங்களில் கோபப்படுவார்கள். ஆனால் தலையணையெங்கும் முடியோடு விழிக்கும் காலைகளைவிட, தாமே நாள் குறித்து வெட்டிக்கொண்டது எளிதாக இருந்தது என்று சொன்ன பெண்களே அதிகம்.

மொட்டை வேண்டுதலைப் பற்றி அத்தையிடம் நயமாகச் சொல்லுங்கள். சவரக் கத்தியோ பிளேடோ இப்போது தலையில் படக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட வெள்ளை அணு குறைந்த உடலில் சீழ்க் கட்டியாக மாறலாம். தட்டணு குறைந்திருந்தால் கசிவு நிற்கவும் நேரமாகும். மொட்டைக்குப் பின் பூசும் சந்தனமும், குழைத்த தண்ணீர், கிண்ணம், பலர் கை என்று எத்தனையோ வழியாகத் தொற்றைக் கொண்டுவரலாம், காய்ந்ததும் தோலை இறுக்கி வலியைக் கூட்டவும் செய்யும். கூட்டம் மிகுந்த இடங்களுக்குப் போவதும் இப்போது வேண்டாம். சிகிச்சை முடிந்து, முடி மறுபடி வளர்ந்து, இரத்தப் பரிசோதனை சீரான பின் அந்த நேர்த்திக்கடனைத் தாராளமாகச் செலுத்தலாம். அழகர் அதுவரை பொறுத்துக்கொள்வார்.

வெங்காயச் சாறு வேண்டவே வேண்டாம். புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயமும் மிளகும் தேய்ப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். அதன் காரம் தோலைத் தூண்டும் என்பதுதான் அந்த வைத்தியத்தின் நோக்கமே. இங்கே தோல் ஏற்கெனவே அளவுக்கு மீறித் தூண்டப்பட்டிருக்கிறது. அதே காரணத்தால் வேப்பிலை மஞ்சள் விழுது, எலுமிச்சை, புளித்த தயிர், சூடாக்கிய நல்லெண்ணெய் மசாஜ் ஆகியவற்றையும் தள்ளி வையுங்கள். முடி வளரப் பயன்படும் மினாக்சிடிலை நீங்களாகத் தொடங்க வேண்டாம். கீமோவின்போது முடி கொட்டுவதை அது தடுப்பதில்லை, அந்தத் திரவத்தில் உள்ள ஆல்கஹால் எரிச்சலைத்தான் கூட்டும்.

தலைக்குக் குளிப்பது வாரம் இரண்டு முறை போதும். சீயக்காய், அரப்புத் தூள்களின் துகள்கள் நொந்த தோலை உரசும் என்பதால், மணமில்லாத மென்மையான ஷாம்பு, குழந்தைகளுக்கானது என்றாலும் சரி, சிறிதளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்து உள்ளங்கையால் ஒற்றித் தடவுங்கள், நகம் படக்கூடாது. திருமங்கலம் பக்கத்துப் போர் தண்ணீர் பல வீடுகளில் உப்புத் தண்ணீர்தான். அதில் சோப்பு சரியாக நுரைக்காமல் வெள்ளைப் படிவாகத் தோலிலேயே தங்கி அரிப்பைத் தரும். கடைசியாக ஊற்றும் ஒரு சொம்பாவது நல்ல தண்ணீராக, வெதுவெதுப்பாகக்கூட இல்லாமல் சாதாரணக் குளிர்ச்சியில் இருக்கட்டும். துவட்டுவதற்குத் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோலில் புண்ணோ பருவோ இல்லாத இடத்தில், வறட்சி இருந்தால், சில சொட்டுத் தேங்காய் எண்ணெயை விரல் நுனியால் மெல்லத் தடவலாம். எரிச்சல் மிகும் மாலை வேளைகளில், தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியைப் பத்து நிமிடம் தலையில் போட்டு வைப்பது பலருக்கு நல்ல ஆறுதல் தருகிறது. ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காதீர்கள்.

தலையில் கட்டத் துணி தேடி அலைய வேண்டாம். பலமுறை துவைத்து நைந்த சுங்குடிச் சேலையைக் கிழித்தால் அதைவிட மென்மையான தலைக்கட்டு கிடைப்பது அரிது. புதுச் சேலை கூடாது, கஞ்சியும் புதுச் சாயமும் உறுத்தும். முடிச்சைப் பிடரியில் போடாமல் பக்கவாட்டில் போட்டால் படுக்கும்போது அழுத்தாது. தலையணை உறையும் பழைய பருத்தியாக இருக்கட்டும், அதில் விழுந்த குறுமுடிகளைத் தினமும் ஒட்டும் டேப்பால் எடுத்துவிடுங்கள். கழுத்தில் குத்தும் அரிப்பில் பாதி அவற்றால்தான். சித்திரை, வைகாசி வெயிலில் துணி கட்டாமல் வாசலுக்கு வரக்கூடாது. மல்லிகைச் சரம் இல்லாமல் வெளியே போக மதுரைப் பக்கத்துப் பெண்களுக்கு மனம் வராது என்பது தெரியும். ஆனாலும் ஈரத்தோடு விற்கும் பூவில் கிருமிகள் தங்கும் என்பதால் சிகிச்சை முடியும் வரை அது தள்ளியே இருக்கட்டும். செயற்கை முடி வைப்பதாக இருந்தால் வலி அடங்கிய பிறகு, உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி அணிந்து, ஓரிரு மணி நேரத்தில் தொடங்குங்கள்.

பருக்களைக் கிள்ளாதீர்கள். முடிவேரில் ஏற்படும் லேசான அழற்சியாக இருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம். அடுத்த ஊசிக்குப் போகும் நாள் வரை காத்திராமல் இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலும் காட்டலாம். தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் களிம்போ, சில நாட்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு லோஷனோ அவர் எழுதித் தருவார். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு, பூஞ்சைத் தொற்றை மறைத்து வளர்த்துவிடும். பருக்கள் கூடினாலோ, சீழ் வந்தாலோ, தோல் சிவந்து வீங்கினாலோ அன்றே போக வேண்டும். தலையின் ஒரு பக்கத்தில் மட்டும் நெருப்புப் பட்டதுபோல் எரிந்து, அதே பக்கம் நெற்றியிலோ கண்ணருகிலோ கொப்புளங்கள் வந்தால் அது அக்கியாக இருக்கும். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கினால்தான் முழுப் பயன் உண்டு, கண்ணருகே என்றால் கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

முடி பெரும்பாலும் கடைசி ஊசிக்குப் பின் ஒன்று முதல் மூன்று மாதங்களில் முளைக்கத் தொடங்கும். டோசிடாக்சல் போன்ற மருந்தில் அரிதாகச் சிலருக்கு முழு அடர்த்தி திரும்புவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முளைக்கும்போது மறுபடி லேசான அரிப்பு வரும், அதற்குத் தேங்காய் எண்ணெய் போதும். புது முடி நரைத்தோ சுருண்டோ வந்தால் அம்மா டை கேட்பார். குறைந்தது ஆறு மாதமாவது போகட்டும், அதன் பிறகும் முழங்கை மடிப்பில் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டே தலைக்குப் போடுங்கள். கருப்பு மருதாணி என்று விற்பவற்றில் அதே டை இரசாயனம் கலந்திருக்கக் கூடும் என்பதால், மருதாணி போடுவதானால் வீட்டில் அரைத்த இலையாக இருக்கட்டும்.